மண்ணைக் கேளுங்கள்: கரிமம் நிறைந்த மண்ணில் செடி ஏன் பசித்திருக்கிறது?

கேள்வி: திபெத் பீடபூமியில் புல்வெளிக்கு அடியில் கறுப்பு மண் ஆள் உயரத்துக்கும் மேல் கிடப்பதாகவும், அதைக் காயவைத்து அடுப்பெரிக்கலாம் என்றும் படித்தேன். எங்கள் தக்காளி வயலின் மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் எப்போதும் ‘குறைவு’தான். அப்படி ஒரு மண் இங்கே இருந்தால் உரமே வேண்டாம் அல்லவா? (ஒரு வாசகர், பாலக்கோடு)

பதில்: வேண்டும் ஐயா. அந்த மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏராளம். ஆனால் வேருக்கு எட்டும் வடிவில் இருப்பது மிகக் கொஞ்சம்.

அந்தப் பீடபூமியில், சீனாவின் மஞ்சளாற்றின் மேற்பகுதியில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள சோய்கே சதுப்பு நிலத்தைப் படித்திருப்பீர்கள். அங்கே கடுங்குளிர், ததும்பி நிற்கும் தண்ணீர். மண்ணுக்குள் காற்று புகாததால் செத்த கோரையும் பாசியும் முழுதாக மக்குவதில்லை. அவைதான் கறுப்பு மண்ணாகப் படிகின்றன; ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடச் சேராது. ஒரு மீட்டர் படிய ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். தழைச்சத்து அந்த மக்காத பொருளுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் சிறிது விடுவித்தாலும், தங்கள் உடலை வளர்க்க முதலில் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. மக்காத ராகித்தாளை மடக்கி உழுத நிலத்தில் அடுத்த பயிர் வெளிறுவதும் இதனால்தான்.

அந்தத் தழைச்சத்தை வெளியே எடுக்க ஒரு வழி உண்டு: தண்ணீரை வடித்துவிடுவது. மேய்ச்சல் நிலத்தைப் பெருக்குவதற்காக 1960, 70களில் அங்கே வடிகால்கள் வெட்டினார்கள். காற்று புகுந்ததும் நுண்ணுயிர்கள் வேகம் பிடித்தன. கரிமம் கரியமில வாயுவாகப் போகும். தழைச்சத்து அமோனியமாகி, நைட்ரேட்டாகி, அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகக் கிளம்பும். எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது அது. நீர் நிற்கும் சதுப்பிலிருந்து, வெப்பத்தைப் பிடிக்கும் இன்னொரு வாயுவான மீத்தேன் வருவது உண்மை. அதைச் சொல்லி வடிகால் வெட்டுவதை நியாயப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். வடிகாலை அடைத்து நீரை மீண்டும் நிறுத்தினால் கரிம இழப்பு குறைகிறது.

நம் செம்மண் இதற்கு நேர்மாறு. வெயிலும் காற்றோட்டமும் போட்டதையெல்லாம் விரைவில் மக்கச் செய்துவிடுகின்றன. அட்டையில் ‘குறைவு’ என்று வருவதால் நீங்கள் மனம் சோர வேண்டாம். ஆண்டுதோறும் தொழு உரம் இடுங்கள். அனுமதி கிடைக்கும்போது ஏரி வண்டலும் அடியுங்கள்.

கேள்வி: பசுமைக்குடிலில் நாற்றுக்கு வைக்கும் கோகோ பீட்டும் அந்தச் சதுப்பு மண்ணும் ஒன்றா? (ஒரு வாசகி, ஓசூர்)

பதில்: இல்லை அம்மா. கோகோ பீட் தென்னை நார்க்கழிவு. பீட் என்பது சதுப்பைத் தோண்டி எடுக்கும் அந்தக் கறுப்பு மண். நீலகிரியிலும் 2,000 மீட்டருக்கு மேல் சோலைக்காடுகளை ஒட்டிய பள்ளங்களில் பீட் உண்டு; அதன் கரிமத்தைக் கொண்டு 20,000 ஆண்டுப் பருவநிலையை ஆய்ந்திருக்கிறார்கள். அதைத் தொடவே கூடாது. நார்க்கழிவையே வாங்குங்கள். உப்பு போக நல்ல நீரில் அலசுங்கள். பச்சை நார்க்கழிவில் தழைச்சத்து 1 பங்குக்குக் கரிமம் 100 பங்குக்கு மேல் இருக்கும். ராகித்தாளின் கதைதான் இதுவும்; வயலுக்கு இடுவதானால் சிப்பிக்காளான் வித்து சேர்த்து மக்கவைத்த பிறகே இடுங்கள்.