தொண்ணூற்றொன்பது வயது வாசகர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வாசிப்புப் பழக்கம் பற்றிய ஆய்வு என்பதால், எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் தரவுப் பிரிவிலிருந்து பழைய இரவல் பதிவேடுகளை அட்டவணைக் கோப்பாகப் பெற்றேன். ஒரு புத்தகம் வாசகரிடம் சராசரியாக எத்தனை நாள் இருந்தது என்று கணக்கிட வேண்டும். அதற்காகவே நூலகம் நடத்திய தொடக்கநிலை நிரலாக்கப் பயிலரங்கில் சேர்ந்தேன். முதல் நாள் மதியத்துக்குள் என் திரை முழுவதும் பிழைச்செய்திகள். பக்கத்து இருக்கை மாணவி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். உதவி கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் போகவில்லை. நான் கற்க வேண்டியது பைத்தானா, ஆர் மொழியா? 36 வயதில் இதைத் தொடங்கலாமா? புத்தகங்களுக்கான நூலகம் நிரலாக்கம் கற்பிப்பது பொருத்தம்தானா?

ச.

அன்புள்ள ச.,

அட்டவணையில் வெறுமையாக விடப்பட்ட ஒரு கட்டம் எதைச் சொல்கிறது என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. இரவல் பதிவேடு என்ற சொல்லைக் கண்டதுமே மனம் அங்கே போய்விட்டது. ஆகவே மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

வயதைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பொறுமை இல்லை. முனைவர் பட்டத்துக்குக் கடக்காத காலம் நிரல் எழுதுவதற்கு மட்டும் கடந்துவிடுமா? நூலகத்துக்கு இது பொருத்தமா என்பதற்கு, ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்று 1931இல் நூலகவியலின் முதல் விதியை வகுத்த இந்திய நூலகவியல் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் பதில் சொல்லிவிட்டார். பதிவேட்டைக் கோப்பாகத் தந்துவிட்டு, அதை வாசிக்கும் வழியைக் கற்றுத்தராமல் இருந்தால்தான் நூலகத்தின் மேல் குறை சொல்லலாம்.

ஆனால் இரண்டாம் நாள் நீங்கள் போகாததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க 1998இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற முயற்சியின் வழிவந்த பயிலரங்குகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறங்களில் ஒட்டுத்தாள் தருவார்கள். சிக்கிக்கொண்டவர் அதற்குரிய நிறத்தை மடிக்கணினியின் மேல் ஒட்டினால் போதும், வாய் திறக்காமலேயே உதவியாளர் வந்து நிற்பார். பிறர் முன்னால் கை தூக்கக் கூசுகிறவர் எல்லா அறையிலும் இருக்கிறார் என்பதனால் ஏற்பட்ட வழக்கம் அது. அந்தக் கூச்சத்தை நானும் அறிவேன், அதில் இழிவு ஒன்றுமில்லை. திரையில் வந்ததை வாசிக்காமலேயே எழுந்து போனதுதான் குற்றம். பைத்தானின் பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து வாசிக்க வேண்டும். என்ன தவறு என்பது அங்கேதான் இருக்கும், மேலே இருப்பவை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி மட்டுமே. கவிதையின் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் செலவிடும் இலக்கிய மாணவர், தமக்காகவே எழுதப்பட்ட ஒரு வரியை வாசிக்க மறுக்கலாமா?

இனி என் கதை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நூலகத்துக்கு வருவோரைப் பற்றிய கணக்கெடுப்புக் கோப்பு என் கையில் கிடைத்தது. மாணவர்களே மிகுதியாக வரும் அந்த இடத்தில் வாசகர்களின் சராசரி வயது நாற்பதை நெருங்கியது. நான் ஐயப்படவில்லை, மகிழ்ந்தேன். முதியோர் நூலகத்துக்குத் திரும்புகிறார்கள் என்று ஒரு கோட்பாட்டையே கட்டி, ஒரு கருத்தரங்கில் வாசித்தும் விட்டேன். கூட்டம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு நூலகர் வந்து, “கோப்போடு ஒரு விளக்கத்தாள் இருந்ததே, பார்த்தீர்களா?” என்று மெல்லக் கேட்டார். வயதைச் சொல்ல விரும்பாதவர்களுக்கு 99 என்று குறித்திருந்தார்கள். நான் கொண்டாடிய முதியவர்கள் அனைவரும் வயதைச் சொல்லாமல் நழுவிய இளைஞர்கள்.

பின்னாளில் நிரல் எழுதக் கற்றபோது அதே கோப்பைத்தான் இரண்டு மொழிகளிலும் சோதித்தேன். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் ஆர் மொழி சராசரியைத் தர மறுக்கும். வெற்றிடங்களை விட்டுவிடு என்று நாமே சொன்னால்தான் விடை தரும். பைத்தானில் அட்டவணைகளைக் கையாளப் பெரும்பாலோர் பயன்படுத்தும் பாண்டாஸ் என்ற நிரல்தொகுப்பு, வெற்றிடத்தைச் சத்தமின்றித் தாண்டிப்போய் விடையை நீட்டும். இரண்டில் எது நல்லது என்று சண்டையிடுவோர் இடட்டும். என் 99ஐ இரண்டுமே பிடிக்கவில்லை. அது வயதன்று என்று நாம் எழுதும் ஒரு வரி போதும், ஆனால் அந்த வரியை எழுதச் சொல்வது விளக்கத்தாள்தான்.

இந்த நுட்பத்தில் நூலகர்களுக்கு நீண்ட பயிற்சி உண்டு. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், நூலகவியல் பட்டம் பெறாத நிரலாளரான ஹென்ரியட் ஆவ்ரம் நூல்களின் விவரம் எழுதிய நூற்பட்டியல் அட்டைகளைக் கணினி வாசிக்கும்படி மாற்றும் ‘மார்க்’ வடிவத்தை உருவாக்கினார். இன்றும் அதில் வெளியீட்டு ஆண்டின் ஓர் இலக்கம் தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தை இடுகிறார்கள். அந்தத் தகவல் அந்த நூலுக்குப் பொருந்தாது என்றால் வெற்றிடம் விடுகிறார்கள். குறிக்க முயலவே இல்லை என்றால் ஒரு செங்குத்துக் கோடு. தெரியாது, பொருந்தாது, பார்க்கவில்லை என்று மூன்று மௌனங்களுக்கும் மூன்று குறிகள். நம் ஆய்வாளர்கள் மூன்றையும் காலிக் கட்டமாக விட்டுவிட்டுச் சராசரி கேட்கிறார்கள். தொடக்கநிலைப் பயிலரங்கின் முதல் மணி நேரத்தை நிரலின் ஒரு வரிகூட எழுதாமல், ஒரு கோப்பைத் திறந்து அதன் காலிக் கட்டங்களைப் பற்றிப் பேசுவதற்கே ஒதுக்க வேண்டும் என்று எங்கு போனாலும் சொல்லி வருகிறேன். மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள் என்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

உங்கள் பதிவேட்டில் ‘திருப்பிய நாள்’ என்ற நெடுவரிசை இருக்கும். அதில் காலிக் கட்டங்களும் இருக்கும். அந்தப் புத்தகம் திரும்பவே இல்லையா, திரும்பியும் எழுத்தர் எழுத மறந்தாரா, எழுதியிருந்தும் தட்டச்சு செய்தவருக்கு மை மங்கித் தெரியவில்லையா? முதலாவதென்றால், அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டுக் கணக்கிடும் சராசரி உண்மையைவிடக் குறைவாகவே வரும்; மற்ற இரண்டென்றால் உங்கள் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்றே சொல்ல முடியாது. தரவுப் பிரிவில் கோப்பைத் தந்தவரிடம் போய் உட்காருங்கள், முடிந்தால் மூலப் பதிவேட்டின் இரண்டு பக்கங்களையாவது கண்ணால் பாருங்கள். கண்டதை எனக்கு எழுதுங்கள். பைத்தானா ஆரா என்பதை அப்போது பேசலாம்.