கேளுங்க அண்ணாச்சி: ஜூனியர் கையில ஊசி, சீனியர் நெஞ்சுல படபடப்பு

கேள்வி: அண்ணாச்சி, நான் அக்குபங்சர் கடைசி வருஷம் படிக்கேன், பாளையங்கோட்டைல ஒரு கிளினிக்ல பயிற்சி. புதுசா வந்த ரெண்டு பிள்ளைங்கள டாக்டர் எங்கூட விட்டுட்டாங்க. நாடி புடிச்சா அவங்க ஒண்ணு சொல்லுதாங்க, எனக்கு வேற தெரியுது. திருத்துனா மூஞ்சி சுருங்கிருது, விட்டுட்டா நோயாளி பாவம். எப்படி சொல்லிக் குடுக்க?
- வாசகி, முக்கூடல்

பதில்: தாயி, நாடி என்ன சொல்லுதுன்னு சண்ட போடுததுக்கு முன்னாடி அந்தப் பிள்ள விரல் எங்க இருக்குன்னு பாரு. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல கட்டவிரல் பக்கம் ஒரு எலும்பு முட்டிட்டு நிக்கும்லா, அதுக்கு நேரா நடுவிரல மொதல்ல வைக்கணும், அதுதான் குவான்ங்குத நாடி எடம். பெறவு கை பக்கமா ஆள்காட்டி விரல், அது சுன், முழங்கை பக்கமா மோதிர விரல், அது ச்சி. புதுசா வாரவங்க மூணு விரலையும் ஒரேயடியா வச்சு அமுக்கிருவாங்க, எடம் அரை விரல் தள்ளிப்போயிரும், அப்பறம் ரெண்டு பேரும் வேற வேற எடத்தத் தொட்டுகிட்டு நீ சொல்லுதது தப்பு நான் சொல்லுததுதான் சரின்னு நிப்பீங்க. நோயாளி வெயில்ல பஸ்ஸு எறங்கி மாடி ஏறி வந்த கையோட நாடி புடிச்சாலும் இதே கததான், செத்த நேரம் உக்கார வைங்க.

இன்னொண்ணு, நீ மொதல்ல வாயத் தொறக்காத. அந்தப் பிள்ளய சொல்ல விடு, சொன்ன பெறவு "வேற என்ன பாத்த?"ன்னு மட்டும் கேளு. ஒரு ஆச்சி நாக்க நீட்டுனா, ஜூனியர் கடகடன்னு "நாக்கு செவப்பு, உடம்புல உஷ்ணம்"னு எழுதிருவா, ஆச்சி மடியில வெத்தலப் பொட்டி இருக்கது கண்ணுல படாது. நீயே சொல்லிட்டன்னா வெத்தலைய மட்டும் ஞாபகம் வச்சிப்பா, அவளே கண்டுபுடிச்சான்னா நாளைக்கு காப்பி குடிச்சிட்டு வந்தவரு நாக்கையும் சந்தேகமா பாப்பா. இந்த மாதிரி திருத்தமெல்லாம் நோயாளி போன பெறவு, ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது.

கேள்வி: அப்ப நோயாளி முன்னாடி வாயே தொறக்கக் கூடாதா?
- அதே வாசகி

பதில்: தொறக்கணும் தாயி, ஊசி விஷயத்துல சத்தம் போட்டாலும் தப்பில்ல. உங்க ஊர்ப் பக்கம் பீடி சுத்துத பொம்பளைங்க நாளெல்லாம் குனிஞ்சே இருந்து கழுத்து, தோள்பட்டை வலின்னு வருவாங்க. தோள்பட்டைக்கு மேல ஜியான்ஜிங்னு ஒரு புள்ளி, பாடத்துல படிச்ச ஜோர்ல ஜூனியர் அங்க நேரா ஆழமா எறக்கப் பாப்பா. அதுக்குக் கீழதான் நுரையீரலோட மேல்முனை இருக்கு, ஒல்லியான உடம்புல தோலுக்கும் அதுக்கும் தூரம் ரொம்பக் கொறவு. குத்திருச்சுன்னா காத்து கசிஞ்சு மூச்சு முட்டும், சில பேருக்கு வீட்டுக்குப் போன பெறவுதான் தெரியும். அந்தக் கைய அங்கனயே புடிச்சு நிறுத்து, மரியாதை எல்லாம் பெறவு பாத்துகிடலாம். கர்ப்பிணின்னா அதே ஜியான்ஜிங், கட்டவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்க ஹேகு, ரெண்டு பக்கமும் போகவே கூடாது, அதனால "நாள் தள்ளிருக்கா"ன்னு கேக்குத கூச்சத்த ஜூனியருக்கு மொத வாரமே போக்கிரு.

பட்டினியா வந்தவங்களுக்கு ஊசி போட விடாத, மொத தடவன்னா படுக்க வச்சுத்தான் போடணும். மயக்கம் வந்தா எல்லா ஊசியையும் எடுத்துட்டு கால ஒசத்தி வை, டாக்டரக் கூப்புடு. பெறவு ஊசிக் கணக்கு, போட்டது எத்தன எடுத்தது எத்தனன்னு ரெண்டு பேரும் வாய்விட்டு எண்ணுங்க. உச்சந்தலைல போட்ட ஊசி இருக்கே, கொண்டைக்கும் பிச்சிப்பூவுக்கும் நடுவுல ஒளிஞ்சுகிட்டு வீடு வரைக்கும் போயிரும்! எடுத்த ஊசி நேரா ஊசி குத்தி வெளிய வராத டப்பாவுக்குள்ள, ட்ரேல கெடக்கக் கூடாது.

மூணு சுன் (இது நாடி எடம் இல்ல, புள்ளி தேடுத அளவு) அளக்கையில அவ விரல வச்சு அளந்தா மட்டும் அங்கனயே மெதுவா சொல்லிரு, நோயாளியோட நாலு விரல் அகலம்தான் கணக்கு. முழங்காலுக்குக் கீழ ட்சூசான்லி புள்ளி தப்பிப் போறது பாதி இதுலதான்.

கேள்வி: என் ஜூனியர் தம்பிக்கு தாத்தா சித்த வைத்தியர். கேஸ் ஷீட்ல வாதம், பித்தம்னு எழுதுதான். சொன்னா "ரெண்டும் மூணு விரல்தானே அக்கா"ங்கான்.
- வாசகி, தென்காசி

பதில்: பய கெட்டிக்காரன்தான். ஆனா சித்தத்துல ஆள்காட்டி விரல் வாதம், நடுவிரல் பித்தம், மோதிர விரல் கபம். அக்குபங்சர் சீன வைத்தியம்லா, அதுல சுன், குவான், ச்சி வரிசைல இடது கையில இருதயம், கல்லீரல், சிறுநீரகம்னு வரும், வலது கையில நுரையீரல், மண்ணீரல்னு வேற வரிசை. சித்தத்துல ஆம்பளைக்கு வலது கை பொம்பளைக்கு இடதுன்னு பாப்பாங்க, இங்க யாரா இருந்தாலும் ரெண்டு கையும் பாக்கணும். 1964லருந்து சித்த மருத்துவக் கல்லூரி இருக்க பாளையங்கோட்டைய பக்கத்துல வச்சுகிட்டு சித்தத்த மட்டம் தட்டிப் பேசுனா நானே சண்டைக்கு வருவேன். தாத்தா சொல்லிக் குடுத்தத தனி நோட்ல எழுதச் சொல்லுங்க, கேஸ் ஷீட்ல ஒரே முறைதான் இருக்கணும், ஏன்னா அடுத்த வாரம் வேற ஆள் அதப் பாத்துதான் ஊசிய எடுக்கும்.