ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்

தக்கலை தங்கச்சிக்கு, 36 வயதில் இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி, வலியே இல்லை, ஊசி குத்தினால் பரவிவிடும் என்று மாமியார் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு பதறிவிட்டது. ஊசிச் சோதனையால் புற்று பரவிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை, அந்தப் பயத்தில் மாதங்களைக் கடத்துவதுதான் ஆபத்து.

வலி இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆனால் உங்கள் வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா மாதிரி புற்று அல்லாத சாதாரணக் கட்டிகள்தான். தொட்டுப் பார்த்து மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். கையால் பரிசோதிப்பார்கள், அப்புறம் ஸ்கேன் (இளவயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே), சந்தேகம் இருந்தால் பயாப்ஸி, அதாவது ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் அந்த ஊசிச் சோதனை. உங்கள் சித்திக்கு 42 வயதில் மார்பகப் புற்று வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான், ஆனாலும் டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.

பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் போனதாலா கட்டி வந்தது என்று கேட்டீர்கள். தாய்ப்பால் கொடுப்பது மார்பகப் புற்று வரும் ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள். போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஊசியைப் பற்றி டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.