வத்தலக்குண்டு பஸ்ஸில் தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பண்ணைக்காடு பக்கம் ஒரு மலைக்கிராமத்தில், கிளை அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது 41. பள்ளிக்கூட நாளிலிருந்தே கதை படிக்கும் பழக்கம் உண்டு. முதலில் மாத நாவல், தொடர்கதை. கல்யாணத்துக்குப் பிறகு நூலகத்தில் கிடைத்த நாவல்கள். போன தடவை திண்டுக்கல் புத்தகத் திருவிழாவுக்குப் போனபோது சொந்தக்காரர் ஒருவர், "இன்னும் கதையே படிச்சுக்கிட்டு இருந்தா எப்படி? அறிவுக்கு ஏதாவது படி" என்றார். அவர் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதைப் பார்த்து உலக வரலாறு, பொருளாதாரம், வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று தடிதடியாக ஏழெட்டுப் புத்தகம் வாங்கினேன். எதையும் பாதிகூடத் தாண்ட முடியவில்லை. இப்போது நாவலை எடுத்தாலும் அந்தப் புத்தகங்கள் அலமாரியிலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது.

கதையும் வேண்டும், மற்றதும் வேண்டும். கலந்து படிக்க ஆசை. ஆனால் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

ம.

அன்புள்ள ம.,

வாங்கிய புத்தகங்களை முடிக்க முடியாததற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் இன்னொருவருடைய ஆர்வத்திலிருந்து வந்தது. அந்தப் புத்தகங்கள் பதில் சொல்கிற கேள்விகள் எதுவும் அன்றைக்கு உங்கள் மனதில் இல்லை. கேள்வி இல்லாதபோது நல்ல கட்டுரை நூலும் பாடப் புத்தகம் மாதிரிதான் கனக்கும். அதனால் நான் பட்டியல் தரப்போவதில்லை. ஒரு புத்தகம் முடிந்ததும் மனதில் என்ன கேள்வி நிற்கிறது என்று பாருங்கள். அந்தக் கேள்விக்கு யார் பதில் வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். பதில் ஒரு நாவலில் இருக்கலாம், வரலாற்றில் இருக்கலாம், காட்டைப் பற்றிய கட்டுரையில் இருக்கலாம். இப்படிப் போனால் கலவை தானாக அமைந்துவிடும். எப்படிப் போவது என்பதை நம் மலையை வைத்தே சொல்கிறேன்.

பண்ணைக்காட்டிலிருந்து கீழே இறங்க வத்தலக்குண்டு பஸ்தானே ஏறுவீர்கள்? அந்த வத்தலக்குண்டில்தான் 1872-இல் ராஜம் ஐயர் பிறந்தார். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'கமலாம்பாள் சரித்திரம்' அவர் எழுதியது. 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 1893-இலிருந்து தொடராக வந்து 1896-இல் புத்தகமானது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 26 வயதில், இறந்துபோனார். 'எழுத்து' பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பாவுக்கும் வத்தலக்குண்டுதான் ஊர். 'மணிக்கொடி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த பி.எஸ். ராமையாவுக்கும் அதே ஊர். மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்று தமிழ் உரைநடைக்கு இத்தனை பேரைக் கொடுத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும், பெருமையாக இருக்கும்.

கமலாம்பாளை நீங்கள் படித்ததில்லை என்றால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். நாவல் பிரியையான உங்களுக்கு அது பிடிக்கும். ஊர்ப் பெண்கள் கூடி வம்பளக்கும் 'வம்பர் மகாசபை' வருகிற பக்கங்களைப் படித்தால் 130 வருஷத்துக்கு முந்தைய எழுத்து என்றே தோன்றாது. அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார் வருகிற இடங்களில் வாய்விட்டுச் சிரிப்பீர்கள்.

படித்து முடித்ததும் ஒரு கேள்வி வரும் என்று நினைக்கிறேன். இதை அந்தக் காலத்தில் யார் படித்தார்கள்? பெண்கள் படித்தார்களா? வீட்டில் விட்டார்களா? இந்தக் கேள்விகளோடு ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' நூலுக்குப் போங்கள். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட காலம் போய், ஒருவர் தனியாக மௌனமாகப் படிக்கிற பழக்கம் தமிழில் எப்படி வந்தது என்று சொல்கிற ஆய்வு நூல் அது. நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள், முக்கியமாகப் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று அன்றைய படித்தவர்கள் பதறியதை அதில் பார்க்கலாம். உங்கள் சொந்தக்காரர் புத்தகத் திருவிழாவில் சொன்னாரே, அந்தக் குரலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் சொன்னது தவறு. கதை அறிவுக்கு எதிரி இல்லை. இன்னொரு மனிதரின் உள்ளுக்குள் இருந்து உலகத்தைப் பார்ப்பதும் அறிவுதான். அதைக் கதை தருகிற அளவுக்கு வேறெதுவும் தருவதில்லை.

அதே ஆசிரியர் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றும் ஒரு கட்டுரை நூல் எழுதியிருக்கிறார். உங்கள் ஊரில் இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு யாராலும் சும்மா போக முடியாது. காலையில் நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த தமிழ் வீடுகளுக்குள் காப்பி எப்படி நுழைந்தது, யார் எதிர்த்தார்கள், காப்பி எப்படிக் கௌரவத்தின் அடையாளமாக ஆனது, ஓட்டலில் யார் எங்கே உட்கார்ந்து குடித்தார்கள் என்றெல்லாம் போகும். இது ஆய்வுதான். ஆனால் அன்றைய பத்திரிகைச் செய்திகளும் விளம்பரங்களும் கலந்து வருவதால் வாசிப்பு இழுத்துக்கொண்டே போகும்.

அதை மூடி வைத்ததும் உங்களுக்கு இன்னொரு கேள்வி வராமல் இருக்காது. நகரத்தில் காப்பியும் டீயும் குடித்தவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டோம். பறித்தவர்கள்? நம் பக்கம் பழம் பறிக்கிற சீசனில் களத்தில் நிற்கிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறவர். இந்தக் கேள்விக்கு என்னைக் கேட்டால் மறுபடி ஒரு நாவலுக்குத்தான் அனுப்புவேன். அது 'எரியும் பனிக்காடு'. களம் ஆனைமலைத் தேயிலைத் தோட்டம், நம் மலை இல்லை. ஆனாலும் மலைத் தோட்டத்தில் கூலிக்குப் போன குடும்பங்களின் கதை எல்லா மலைக்கும் பொது. தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்தது. இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்தார். வாரச் சந்தையில் ஆள் பிடிக்கிற மேஸ்திரி, அட்வான்ஸ் பணம், காய்ச்சல், பனி, ஊருக்குத் திரும்ப முடியாமல் கழிகிற வருஷங்கள். தோட்டக் கணக்குப் புத்தகங்களில் இவர்கள் வெறும் எண்ணிக்கை. நாவலில் பெயரும் பசியும் உள்ளவர்கள். இந்த இடத்தில் வரலாறு செய்ய முடியாத வேலையைக் கதை செய்கிறது. உங்கள் சொந்தக்காரருக்கும் இதைப் படிக்கக் கொடுங்கள்.

இப்போது திரும்பிப் பாருங்கள். நாவல், ஆய்வு, கட்டுரை, நாவல். கலக்க வேண்டும் என்று நினைத்துக் கலக்கவில்லை.

கமலாம்பாளிலிருந்து இன்னொரு பக்கமும் கிளை பிரியும். அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ராஜம் ஐயர் பிறந்த அதே 1872-இல் பிறந்தவர் அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர். ஒருவரைப் படித்தால் மற்றவரையும் படிக்கத் தோன்றும். மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். அப்பா மனிதர்களைப் பார்த்து நாவல் எழுதினார். மகன் காட்டுயிர்களைப் பார்த்து வாழ்நாள் முழுக்கக் கட்டுரை எழுதினார், படம் எடுத்தார், வரைந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. சின்னச் சின்னக் கட்டுரைகள். தபால் கட்டு வருவதற்கு முன்னால் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று படிக்கலாம். கட்டுரை என்றாலே தடிமனாக இருக்கும் என்ற பயம் இதில் போய்விடும். தமிழும் அவ்வளவு சுத்தமாக, நேராக இருக்கும்.

அந்தத் தொகுப்பைப் பதிப்பித்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அவர் உங்கள் துறைக்காரர் என்பது தெரியுமா? அஞ்சல் துறையில் பணியாற்றி, தமிழ்நாட்டின் சீஃப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக ஓய்வு பெற்றவர். பறவைகள், காடுகள், தமிழ் சினிமாவின் வரலாறு என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அவருடைய 'சோலை எனும் வாழிடம்' நூலைத் தேடி எடுங்கள். மேல்மலையில் இன்னும் மிச்சமிருக்கிற சோலைகளை, அதாவது இந்த மலைக்கே உரிய காடுகளை, நீங்கள் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே சீகை மரங்களும் பைன் மரங்களும் நிற்கும். இரண்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் கொடைக்கானல் ரோட்டில் போகிற பயணமே வேறாகிவிடும்.

புத்தகத்தின் முன்னுரையையும் பின்பக்கங்களையும் தாண்டிவிட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். பதிப்பித்தவர் யார், யாருக்கு நன்றி சொல்கிறார், எந்த நூலை மேற்கோள் காட்டுகிறார் என்று பாருங்கள். அங்கேதான் அடுத்த புத்தகத்தின் பெயர் கிடக்கும். பத்திரிகையாளர்களும் எழுத்தாளர்களும் எழுதிய நினைவு நூல்கள் இதற்கு இன்னும் உதவும். பி.எஸ். ராமையாவின் 'மணிக்கொடி காலம்' ஒன்றைப் படித்தால் ஒரு தலைமுறை எழுத்தாளர்களே அறிமுகமாகிவிடுவார்கள். வருஷக் கடைசியில் வருகிற சிறந்த பத்துப் பட்டியல்களைவிட இந்த வழியை நான் அதிகம் நம்புகிறேன். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் அந்த வருஷத்துப் புத்தகங்கள்தான் இருக்கும். கமலாம்பாளுக்கு அதில் இடம் ஏது?

உங்களிடம் ஒரு பொருளாதாரப் புத்தகமும் உலக வரலாறும் பாதியில் நிற்கின்றன அல்லவா? அவற்றை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். அது ஏன் அங்கே வந்தது தெரியுமா? 1876-இலிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதற்குப் பிறகு பலமாக எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு வளர்ந்து, 1899-இல் கொடைக்கானலில் ஆய்வகம் வந்தது. அங்கேதான் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அந்த விளைவுக்கு அவர் பெயர்தான்.

பஞ்சத்தை மனிதர்கள் வழியாக அறிய ஜெயமோகனின் 'வெள்ளை யானை' நாவலைப் படியுங்கள். அதைப் படித்த பிறகு, தானியம் இருந்தும் ஜனங்கள் ஏன் செத்தார்கள் என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடாது. அப்போது அந்தப் பொருளாதாரப் புத்தகத்தை எடுத்து, விலை, வணிகம், பஞ்சம் பற்றி எங்கே பேசுகிறது என்று தேடி, அந்தப் பக்கங்களை மட்டும் படியுங்கள். கட்டுரை நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

எவர்ஷெட்டின் மனைவி மேரியும் வானியல் படித்தவர். கணவரோடு கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கவிதையில் வானியல் எப்படி வருகிறது என்று ஒரு முழு நூல் எழுதினார். கணவரோடு சேர்ந்து சூரியனைப் பற்றிய ஆய்வறிக்கையும் எழுதினார். கவிதையும் விண்வெளியும் ஒரே பெண்ணின் மேஜையில், நம் மலையில், நூறு வருஷத்துக்கு முன்னால். எனக்கு மிகவும் பிடித்த கொடைக்கானல் மனிதர்களில் அவர் ஒருவர்.

இத்தனைக்கும் பணத்துக்கு எங்கே போவது என்று நினைக்க வேண்டாம். கமலாம்பாள் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போனிலேயே படிக்கலாம். மற்றவற்றுக்குக் கிளை நூலகத்தில் கேளுங்கள், இல்லை என்றால் வாங்கிப் போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 1948-இல் இங்கே வந்த பொது நூலகச் சட்டம் இந்தியாவுக்கே முன்னோடி. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். நாம் கட்டுகிற வீட்டு வரியில் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. தயங்காமல் கேட்கலாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது ரங்கநாதனின் விதிகளில் ஒன்று. உங்களுக்குச் சரிப்படாத புத்தகத்தை ஐம்பது பக்கத்தோடு திருப்பிக் கொடுத்தால், அதன் வாசகர் கைக்கு அது சீக்கிரம் போய்ச் சேரும்.

சரி, முதலில் கமலாம்பாள். முன்பாதி கலகலவென்று ஓடும். பின்பாதியில் வேதாந்தம் நிறைய வரும், பல வாசகர்கள் அங்கே சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பின்பாதியும் வேண்டும். அதை எழுதியவர் அடுத்து ஒரு வேதாந்தப் பத்திரிகைக்கே ஆசிரியரானார் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அது வேறு மாதிரி தெரியும். உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்