முதலில் ஓவியரை அழையுங்கள்

வணக்கம் ஐயா,

மொரீஷியஸில் ஃபிளாக் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஓர் எழுத்தாளரைப் பள்ளிக்கு அழைத்திருந்தோம். குத்துவிளக்கு ஏற்றி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினோம். அவர் தமிழின் தொன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கியே விட்டார்கள்.

இந்த வருடம் கதை எழுதுவது, படம் வரைவது என்று பிள்ளைகளே ஏதாவது செய்கிற மாதிரி ஒரு பட்டறை நடத்த ஆசை. ஆனால் தலைமை ஆசிரியர், "பாடம் முடிக்கவே நேரமில்லை, இதனால் என்ன பயன்?" என்கிறார். யாரை அழைப்பது என்றும் தெரியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டுமா? பட்டறையில் பிள்ளைகள் தங்கள் வீட்டு மொழியான கிரியோல் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு வைக்கலாமா? முடிவில் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் பிள்ளைகள் ஆர்வமாக வருவார்களா? உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

ஒரு தமிழாசிரியை


அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து யாரும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எழுத்தாளருக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம். முதலில் ஓர் ஓவியரை அழையுங்கள். குழந்தைகளுக்குப் படம் வரைந்து பழக்கப்பட்டவராக இருந்தால் போதும். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தெரியாதவர் கிடைத்தால் இன்னும் நல்லது என்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். நம் பிள்ளைகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டில் கிரியோல். பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பிரெஞ்சு. தமிழ் வகுப்பு வரும்போது வகுப்பே பிரிகிறது. இந்திக்குச் சிலர், உருதுக்குச் சிலர், தெலுங்குக்குச் சிலர், நம்மிடம் ஒரு சின்னக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு எழுத்து தெரியும், பார்த்து எழுதவும் வாய்விட்டு வாசிக்கவும் தெரியும். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் வாய் அடைத்துப்போகிறது. சொன்னால் தப்பாகிவிடும் என்ற பயம். தமிழ் என்றாலே தான் எப்போதும் திருத்தப்படுகிற இடம் என்று அந்தப் பிள்ளைக்குப் பழகிவிட்டது. அங்கே நன்றாகத் தமிழ் பேசுகிற பெரியவர் ஒருவர் வந்து நின்றால், திருத்துவதற்கு இன்னொருவர் வந்திருக்கிறார் என்றுதான் அது நினைக்கும்.

தமிழ் தெரியாத ஓவியர் வந்தால் நிலைமை தலைகீழாகிறது. அந்த அறையில் தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் பிள்ளைகள்தான்.

தெற்கே ஒரு பள்ளியில் இது நடந்ததை நேரில் பார்த்தேன். வந்த ஓவியர் சீன வம்சாவளிப் பெண். பேச்செல்லாம் கிரியோல்தான். நான்காம் வகுப்பு. "பள்ளிக்கு வரும் வழியில் தினமும் பார்க்கிற ஒருவரை வரையுங்கள், ரப்பர் கிடையாது" என்றார். தமிழ் வகுப்பில் எப்போதும் வெறும் தாளையே கொடுப்பான் என்று ஆசிரியர் எனக்கு முன்கூட்டியே காட்டியிருந்த பையன், தால்பூரி, அதாவது பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி விற்பவரை வரைந்தான். மோட்டார் சைக்கிள், பின்னால் கண்ணாடிப் பெட்டி, மேலே குடை. பெட்டிக்குள் அடுக்கிய பூரிகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டான். ஆனால் ஆளுக்குக் கை வரையவில்லை. ஓவியர் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இவர் காகிதத்தை எப்படிப் பிடிப்பார்?" என்று மட்டும் கேட்டார். பையன் தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான், வலது கையால் இல்லாத சட்னியைத் தடவினான், சுருட்டினான், அப்புறம் பென்சிலை எடுத்து இரண்டு கைகளையும் வரைந்தான். கை கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் சுருட்டுகிற கை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

அப்புறம் ஓவியர் படத்தின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு பேச்சுக் குமிழ் போட்டுக் கொடுத்து, "இவர் என்ன சொல்கிறார்? நீ எழுது, எனக்கு உங்கள் எழுத்து தெரியாது" என்றார். பையன் எழுந்து போய் ஆசிரியரிடம் கேட்டு வந்து, "சூடா இருக்கு" என்று எழுதினான். மறுபடியும் போனான், ஊதுவதற்குத் தமிழில் என்ன என்று கேட்டான். வந்து, "ஊதிச் சாப்பிடு" என்று சேர்த்தான். அவனை யாரும் எழுதச் சொல்லி விரட்டவில்லை. அவனுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது, போய் வாங்கி வந்தான். ஓவியர் 'ஊ' என்ற எழுத்தைக் காட்டி, இது எப்படி எழுதுவது என்று கேட்டார். அவன் சொல்லிக்கொடுத்தான். அவர் எழுதியது சரியில்லை என்று இரண்டு முறை திருத்தவும் செய்தான்.

உங்கள் தலைமை ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். தேர்விலும் பிள்ளை சொந்தமாக வாக்கியம் எழுதத்தான் வேண்டும். எழுத ஒரு காரணம் கிடைத்த பிள்ளை எழுதுகிறது.

சரி, இனி உங்கள் கேள்விகள். கிரியோல் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கதை பிறக்கிற மொழியை வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்ளே கதையும் வராது. நம் தீவின் கிரியோலில் விடுகதை மரபு ஒன்று இருக்கிறதே. சொல்பவர் "சிராந்தான்!" என்று கூப்பிட, கேட்பவர்கள் "சாம்பேக்!" என்று கத்த வேண்டும். அப்புறம்தான் விடுகதை. "திலோ திபுத்?", அதாவது நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. "திலோ பாந்தான்?", தொங்குகிற தண்ணீர்? தேங்காய். பட்டறையை இதில் தொடங்குங்கள். பிள்ளைகள் கத்தி முடித்ததும், "ஆழக் குழி தோண்டி அதிலே ஒரு முட்டையிட்டு அண்ணாந்து பார்த்தால் தொண்ணூறு முட்டை, அது என்ன?" என்று கேளுங்கள். அதுவும் தென்னைதான். தேங்காயைக் குழியில் புதைத்த முட்டையாகத் தமிழில் பார்த்திருக்கிறார்கள், தொங்குகிற தண்ணீராக இங்கே பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் வரையச் சொன்னால் இரண்டு வேறு படம் வரும். இரண்டும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். பிறகு தானே ஒரு விடுகதை செய்யட்டும். யோசிப்பது கிரியோலில் இருக்கட்டும், தாளில் இறங்கும்போது தமிழில் இறங்கட்டும்.

அந்தத் தாளைப் புத்தகமாக்குவது சுலபம். ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். விரித்து, அகலவாக்கில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டத்தின் அளவுக்கு வெட்டுங்கள். மறுபடி விரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் கீறல் பிளந்துகொண்டு நாலு இதழாக நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்தால் முன் அட்டை, பின் அட்டை, உள்ளே ஆறு பக்கம். பசை வேண்டாம், ஊசி நூல் வேண்டாம். ஒரு பக்கத்தில் விடுகதை, எதிர்ப் பக்கத்தில் விடையின் படம் என்று மூன்று விடுகதை அடங்கும். இரண்டு வகுப்பு நேரத்தில் ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு புத்தகம் இருக்கும். அட்டையில் பெயர் எழுதச் சொல்லுங்கள், எழுதியவர் என்றும் வரைந்தவர் என்றும். இந்த இடத்தில் பிள்ளைகள் எழுத்தை எவ்வளவு கவனமாகப் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

எழுத்தாளர் இதற்குப் பிறகு வரட்டும், சில வாரம் கழித்து. அவர் வருவதற்கு முன் பிள்ளைகள் அவருடைய கதை ஒன்றையாவது வாசித்திருக்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். வாசிக்காமல் வரும் கேள்வி "உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன" என்பதோடு நின்றுவிடும். வாசித்த பிள்ளை, "அந்த ஆடு ஏன் திரும்பி வரவில்லை?" என்று கேட்கும். எழுத்தாளரிடம் தன் அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புத்தகம் அச்சிலேயே பிறக்கிறது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர் ஒருவர் ஒரே வரியை நாலு முறை அடித்து எழுதியிருப்பதைப் பார்த்தால் தங்கள் தாளில் அடித்து எழுதுவதற்கு வெட்கப்படமாட்டார்கள். சொற்பொழிவு வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே மரியாதையாக எழுதிவிடுங்கள். முழுப் பள்ளியையும் கூடத்தில் உட்காரவைக்கவும் வேண்டாம். ஒரு வகுப்பு, உங்கள் தமிழ்க் குழு, அவ்வளவுதான். நம் தமிழ் வகுப்புகள் சிறியவை என்று வருத்தப்படுகிறோமே, பட்டறைக்கு அதுதான் சரியான அளவு.

தமிழில் நம் பிள்ளைகளின் அளவுக்கு எளிய கதைகள் கையில் இல்லை என்றால், பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். தமிழ்ப் படக்கதைகள் வாசிப்பு நிலை வாரியாக இருக்கின்றன. இலவசமாக இறக்கி, அச்செடுத்துக்கொள்ளலாம். அதற்கான உரிமத்தோடுதான் தருகிறார்கள். முதல் நிலைக் கதைகளில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான் இருக்கும். நான்காம் வகுப்புக்கு அது சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைக்காதீர்கள். முழுக்கப் புரிகிற ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஒரு பிள்ளை முடித்தால் அடுத்ததைக் கேட்கும்.

போட்டி, பரிசு இரண்டும் வேண்டவே வேண்டாம். போட்டி வைத்தால் நன்றாகத் தமிழ் தெரிந்த பிள்ளைக்கே பரிசு போகும், அதற்கு ஏற்கெனவே எல்லாம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. தால்பூரிக்காரரை வரைந்த பையனுக்கு அந்தப் பட்டியலில் இடம் இருக்காது. பரிசுக்கு வைத்திருக்கும் பணத்தை வருகிறவருக்குக் கூலியாகக் கொடுங்கள்.

இந்தக் கூலி விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் மாலைக்கும் பொன்னாடைக்கும் சாப்பாட்டுக்கும் செலவு செய்வோம், வந்தவர் வேலைக்குக் காசு கொடுப்பது மட்டும் அவமரியாதை என்று நினைப்போம். பிரான்சில் சிறுவர் எழுத்தாளர்களும் ஓவியர்களும் 1975-லேயே சங்கம் அமைத்து, பள்ளிச் சந்திப்புகளுக்கு இவ்வளவு ஊதியம் என்று பரிந்துரை வெளியிடுகிறார்கள். பிள்ளைகள் முன்பே புத்தகம் வாசித்திருக்க வேண்டும் என்பதும் அவர்கள் கேட்பதுதான். இங்கேயும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேளுங்கள், ஊர்க் கோயில் சங்கத்திடம் கேளுங்கள். காவடித் திருவிழாவுக்கு அன்னதானம் செய்கிற கோயில் சங்கத்துக்கு ஓர் ஓவியரின் ஒரு நாள் கூலி பெரிய தொகை அல்ல. தொகை சிறியதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போக்குவரத்துச் செலவு தனி. தாள், வண்ணப் பென்சில் பள்ளியின் பொறுப்பு.

ஆளுக்கு எங்கே போவது என்றால், மோக்காவுக்குப் போங்கள். மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்த் துறையும் இருக்கிறது, ஓவியப் பள்ளியும் இருக்கிறது, ஒரே இடத்தில். ஓவியம் படித்து வெளியே வந்த இளைஞர்கள் பலருக்குக் குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை உண்டு, யாரும் கூப்பிடுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து நல்ல சிறுவர் எழுத்தாளர் ஒருவர் தீவுக்கு வந்தால் தாராளமாக அழையுங்கள், ஆனால் பிள்ளைகளுடைய புத்தகங்கள் தயாரான பிறகு. அவர் பேசுவதைப் பிள்ளைகள் கேட்பதோடு, பிள்ளைகள் எழுதியதை அவரும் வாசிக்கட்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். ஆறாம் வகுப்பை விட்டுவிடுங்கள், அவர்களுக்குத் தொடக்கப் பள்ளி முடிவில் வரும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு தலைக்கு மேல் இருக்கும். நான்காம் வகுப்போடு, இரண்டாம் தவணையில் தொடங்குங்கள். வெளியாள் வருவதற்கான அனுமதிக் கடிதத்தை முதல் தவணையிலேயே கேட்டுவிடுங்கள். பட்டறை நடக்கும்போது நீங்கள் வகுப்பை விட்டுப் போகக் கூடாது. பாதுகாப்புக்கும் அது அவசியம். அதோடு நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து வரையுங்கள். ஆசிரியை என்ன வரைகிறார் என்று எட்டிப் பார்ப்பதில் பாதிப் பயம் போய்விடும். பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுத்துப் போடுவதென்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்; புத்தகங்களைப் படம் எடுத்தாலே போதும் என்பது என் எண்ணம். அந்தப் புத்தகங்களை வகுப்பு அலமாரியில் வையுங்கள், அடுத்த வருடம் வருகிற மூன்றாம் வகுப்பு வாசிக்கட்டும்.

தலைமை ஆசிரியர் சம்மதித்ததும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த நாள் உங்களுக்குத் தோது என்று எழுதுங்கள். நான் சொன்ன அந்த ஓவியரிடம் பேசுகிறேன். அவர் வடக்கே இருக்கிறார், ஃபிளாக் அவருக்குத் தூரமில்லை. கதைக்கு ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன்.

அன்புடன்.