4 வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே தமிழ் வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். கோத்தகிரிக்குக் கீழே ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு என் மகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன்.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், குழந்தையை எல்கேஜியில் சேர்க்காமல் வைத்திருக்கிறீர்கள், வீட்டுப் பெரியவர்கள் அதற்காக நச்சரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் நடந்தது. எங்கள் பக்கம் 3 வயது ஆனதுமே பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறார்கள். பனி விலகுவதற்கு முன்னாலேயே கிளம்பி, வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு போகும் அந்தக் குழந்தைகளைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். ரோட்டில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை வேனும் நிற்கும். என் மாமியார், "ஊர்ப் பிள்ளையெல்லாம் ஏபிசிடி சொல்லுது, இவளை மட்டும் வீட்டுல வெச்சுக் கெடுக்கிறியே" என்றார். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது நிறைந்தால் போதும். அதற்கு முன் வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

வாசிப்புக்கு வருகிறேன். 247 எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி ஒப்பிக்க வைக்காதீர்கள். உயிரெழுத்து பன்னிரண்டையும் மனப்பாடம் செய்த பிள்ளையால் வாசிக்கக்கூடிய சொல் எத்தனை இருக்கிறது? நான் முதலில் கொடுத்தது ப, ட, ம, ர, கூடவே புள்ளி. அவ்வளவுதான். படம், மரம், மடம், பட்டம், ரம்பம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். "படபட", "பரபர" என்று எழுதிக் காட்டினால் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு க, ல, த. கல், பல், கடல், கப்பல், மலர். அதற்கப்புறம்தான் துணைக்கால்.

பிள்ளைகள் தடுக்கி நிற்கும் இடங்கள் சில உண்டு. துணைக்காலும் ர-வும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 'பொ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலி மட்டும் ப-வில் தொடங்குகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிய குழந்தைக்கு இது அநியாயமாகத் தெரியும். குறிகளைச் சிவப்பிலும் எழுத்தைக் கறுப்பிலும் அட்டையில் எழுதி, நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். கு, டு, மு, து எல்லாம் ஆளுக்கொரு வடிவம் என்பதால் விதி சொல்லாமல் குடம், முகம், துணி என்று சொல்லோடு சேர்த்தே கொடுங்கள். தங்கத்தில் வரும் க வேறு மாதிரி ஒலிக்கிறதே என்று கவலை வேண்டாம். சொல் ஏற்கனவே காதில் இருந்தால் குழந்தை தானே திருத்திக்கொள்ளும். அதனால் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். பென்சிலை அவசரப்பட்டுக் கையில் கொடுக்காதீர்கள். விரலுக்கு வலு வர முன்னபின்ன ஆகும், வாசிப்பு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கிலும் இதே கதைதான். நூறு வரை கடகடவென்று சொல்லும் பிள்ளையிடம் ஆறு அவரைக்காய் எடுத்து வா என்று சொல்லிப் பாருங்கள், பல பிள்ளைகள் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வரும். நாங்கள் பட்டாணி உரிக்கும்போது எண்ணினோம். தாயக்கட்டை, பரமபதம் ஆடினோம். சுள்ளிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். 23 என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. 23இல் 5 போக வேண்டுமென்றால் ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். கடன் வாங்கிக் கழிப்பது என்று பின்னால் பள்ளியில் சொல்வது இதைத்தான்.

எடை போடுமிடத்துக்கும் அவளை அழைத்துப் போவேன். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. 34 கிலோ காட்டும், ஈரத்துக்கு 4 கழித்து 30 என்று எழுதுவார்கள். ஒருநாள் நல்ல வெயில். அவள் தராசைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மழையே இல்லையேம்மா, எதுக்குக் கழிக்கிறாங்க?" என்று கேட்டாள். இலை வாங்குபவர் காது கேட்காதவர் மாதிரி அடுத்த மூட்டையைத் தூக்கினார். 5 வயதுப் பிள்ளைக்குத் தெரிவது பெரிய மனிதருக்குத் தெரியாதா? மழை பெய்தால் ஈரக் கழிவு, பெய்யாவிட்டால் முற்றல் இலை என்று கழிவு. உரம் விலை, பறிகூலி எல்லாம் ஏறுகிறது, கொழுந்துக்குக் கிடைக்கும் விலை மட்டும் ஏறி நிற்பதே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"வேலைக்குப் போகிற அம்மாவுக்கு இதெல்லாம் ஆகுமா" என்று கேட்பீர்கள். நானும் கொழுந்து பறிக்கப் போகிறவள்தான். காலையில் அரை மணி நேரம், இரவு ஒரு கதை, அதற்கு மேல் நான் உட்கார்ந்ததில்லை. பள்ளிக்கூடம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பிள்ளைகள் துணை வேண்டும், அதற்காக மதியம் அங்கன்வாடிக் குழந்தைகளோடு விளையாட விட்டேன். 5 வயது முடிந்ததும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துத்தான் பாடம். மற்ற பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும் வேலையை டீச்சர் என் மகளிடம் கொடுத்திருக்கிறார்.

ஆங்கிலம் என்ன ஆகும் என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வருபவர்களுக்கு: அவள் இப்போது அதையும் வாசிக்கிறாள். எழுத்தைக் கூட்டினால் சொல் வரும் என்பது தமிழிலேயே பிடிபட்டுவிட்டதால் அங்கே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது எழுத்துகளையும் அவற்றின் ஒலிகளையும்தான்.