ஸ்டியரிங்குக்கு எத்தனை நியூட்டன் வேண்டும்?

கேள்வி: 2024இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு கார் ரேஸைப் பார்த்ததில் இருந்து எனக்கு சிம் ரேசிங், அதாவது நிஜ கார் போலவே ஸ்டியரிங், பெடல் வைத்து ஆடும் ரேஸ் கேம் பைத்தியம் பிடித்துவிட்டது சார். வைத்திருப்பது லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங். ஆடுவது கம்ப்யூட்டரில். மோட்டாரோடு நேரே இணையும் டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங்குக்கு மாற 60 ஆயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். மோசா கம்பெனியின் ஆர்5 வாங்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து ஆர்9, ஆர்12 என்று போகலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஆர்5 ரகமே போதும். பொறுத்துச் சேர்க்கும் பணத்தை பிரேக்குக்கும் ஸ்டாண்டுக்கும் ஒதுக்குங்கள்.

ஜி29க்குள் மோட்டாருக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கின்றன. டைரக்ட் டிரைவில் இடையில் எதுவும் கிடையாது, ஸ்டியரிங் மோட்டாரின் தண்டிலேயே ஏறி உட்காருகிறது. வித்தியாசம் எங்கே தெரியும் என்றால் வளைவில்தான். வேகம் அதிகமாகி முன் டயரின் பிடி நழுவத் தொடங்கும்போது ஸ்டியரிங்கின் கனம் லேசாகக் குறையும். ஜி29இல் அந்தச் சின்ன மாற்றம் பல்சக்கரத்தின் கடகடப்பில் காணாமல் போய்விடும். கார் வெளியே விலகுவதைத் திரையில் பார்த்த பிறகுதான் நீங்கள் சுதாரிப்பீர்கள். டைரக்ட் டிரைவில் கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான், முரட்டுப் பலத்துக்கு இல்லை.

பலத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஸ்டியரிங்கைத் திருப்பும் முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். ஜி29 தருவது சுமார் 2.2 நியூட்டன் மீட்டர், ஆர்5 தருவது 5.5, ஆர்9 9, ஆர்12 12. ஸ்டியரிங்கின் விட்டம் 28 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஜி29 உச்சத்தில் இழுக்கும்போது விளிம்பில் ஒன்றரைக் கிலோ சொச்சம் இழுப்பதுபோல் இருக்கும். ஆர்5இல் நாலு கிலோ, ஆர்12இல் எட்டரைக் கிலோவுக்கு மேல். ராத்திரி வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு நாலு கிலோ இழுவையே தோளைப் பதம் பார்க்கும்.

அப்படியானால் 9, 12 எல்லாம் எதற்கு? உச்ச பலத்தில் ஓட்டுவதற்கு அல்ல, இருப்பு வைத்துக்கொள்வதற்கு. மோட்டார் தரக்கூடியதைவிட அதிக விசையை கேம் கேட்டால், மிச்சம் அப்படியே வெட்டுப்பட்டுவிடும். கிளிப்பிங் என்பார்கள். அப்போது வேகமான வளைவின் கனமும், நடுவில் ஓரக்கட்டையில் ஏறும் அதிர்வும் ஒரே மட்டத்தில் நின்றுவிடும், கைக்கு எதுவும் பிரிந்து தெரியாது. ஆர்5இல் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. அசெட்டோ கோர்சா கேமில், திரையில் பெடல் கோடுகளுக்குப் பக்கத்திலேயே ஸ்டியரிங்கின் விசையைக் காட்டும் போர்ஸ் ஃபீட்பேக் கோடு ஒன்று ஓடும், எல்லையைத் தொட்டால் சிவப்பாகும். வேக வளைவுகளில் எப்போதாவது மட்டும் சிவக்கும் அளவுக்கு கெயினை, அதாவது விசையின் அளவைக் குறைத்து வையுங்கள். புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் நூறில் வைத்துவிட்டு, 'இவ்வளவுதானா' என்கிறார்கள்.

அடுத்தது பிரேக். ஆர்5 தொகுப்போடு வரும் பெடலில் லோடு செல் இல்லை. எவ்வளவு தூரம் மிதித்தீர்கள் என்பதைத்தான் அது அளக்கும். லோடு செல் எவ்வளவு பலமாக மிதித்தீர்கள் என்று அளக்கும், கால் ஞாபகம் வைத்துக்கொள்வதும் அந்தப் பலத்தைத்தான். லேப் நேரம் குறைவது பெரும்பாலும் இங்கேதான். ஜி29 பெடலைக் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று நினைத்தால், அதை மோசாவில் நேரே சொருக முடியாது, யுஎஸ்பி அடாப்டர் ஒன்று தனியாக வேண்டும்.

ஆனால் லோடு செல் வாங்கியதும் ஒரு தமாஷ் நடக்கும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வைத்த நாற்காலி நீங்கள் உட்கார்ந்தபடியே பின்னால் உருண்டு போகும். பிளைவுட் கம்ப்யூட்டர் டேபிளோ, கிளாம்ப் போட்ட இடத்தில் ஆட ஆரம்பிக்கும். மேசை ஆடினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கமெல்லாம் மரத்துக்குத்தான் போகிறது. பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஸ்கொயர் பைப்பில் ஸ்டாண்டு அடித்துக்கொள்ளுங்கள். பேஸ் (மோட்டார் இருக்கும் பெட்டி) கைக்கு வந்து, போல்ட் துளைகளை அளந்த பிறகு வேலையைக் கொடுங்கள். படத்தைப் பார்த்து அடித்த ஸ்டாண்டில் துளை பொருந்தாது. கடற்காற்று ஊருக்குப் பிரைமர் அடித்துப் பெயிண்ட் அடிக்கச் சொல்வதை மறக்க வேண்டாம்.

மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத வீடுகளில் பெடல் தானாகத் துடிப்பது, யுஎஸ்பி அறுந்து அறுந்து வருவது போன்ற தொல்லைகள் வரும், பழியோ பொருள் மேல் விழும்.

கேள்வி: பன்னிரண்டாவது படிக்கும் என் மகன் பிளே ஸ்டேஷன் 5இல் ஆட டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங் கேட்கிறான். கையை முறுக்கிவிடும் என்கிறார்களே, வாங்கித் தரலாமா? கடைக்காரர் 'எல்லாத்துக்கும் செட் ஆகும்' என்கிறார்.
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: எல்லாவற்றுக்கும் செட் ஆகாதும்மா. பிளே ஸ்டேஷனுக்கு உரிமம் பெற்ற பேஸ்தான் அதில் நேரடியாக வேலை செய்யும். ஃபனாடெக் கம்பெனியில் சிஎஸ்எல் டிடி கம்ப்யூட்டருக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் உரியது, ஜிடி டிடி ப்ரோதான் பிளே ஸ்டேஷனுக்கு. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெட்டியில் பிளே ஸ்டேஷன் 5 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

5 நியூட்டன் மீட்டர் ரகத்தில் பெரிய பயம் இல்லை. கட்டைவிரலை உள்பக்கக் கம்பியில் கோத்துப் பிடிக்காமல், விளிம்பின் மேலேயே வைத்துப் பழக வேண்டும். கேமில் கார் சுவரில் மோதும்போது ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும். விரல் மாட்டினால் வலிக்கும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய டைரக்ட் டிரைவ் பேஸ் நாலு மாதத்தில் செத்துவிட்டது. ஒரு வருட வாரண்டி என்று போட்டிருந்தது. இப்போது விற்றவர், 'இது இம்போர்ட் பொருள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார். பில் கேட்டாலும் தரவில்லை.
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இறக்குமதிப் பொருள் என்பது சாக்கு. வாரண்டி என்று போட்டு விற்றால் அதற்கு விற்றவர் பதில் சொல்லியாக வேண்டும். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போட 2019 சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

வாரண்டி என்று எழுதியிருந்த அந்தப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், புகார் போனதும் முதலில் மாறுவது அதுதான். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல், பேஸ் உயிர் இல்லாமல் கிடப்பதை சீரியல் எண் தெரியும்படி எடுத்த வீடியோ, எல்லாம் ஆதாரம்தான். பெட்டியையும் உள்ளே இருந்த ஃபோமையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடவில்லையே? பல கிலோ எடையுள்ள பேஸை வெறும் அட்டைப்பெட்டியில் வைத்து கூரியரில் அனுப்பினால், 'வழியில் அடிபட்டதுதான் காரணம்' என்று கதையை மாற்றிவிடுவார்கள்.